வாக்-ஆன்

நாடகத்தில் வசனமே இல்லாமல் மேடைக்கு வந்து போகும் சிறு வேடத்துக்கு ஆங்கிலத்தில் ‘வாக்-ஆன்’ என்று பெயர். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில், விளையாட்டு உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்பவரையும் இப்படியே அழைக்கிறார்கள். மைதானத்தில் எல்லோருக்கும் ஒரே பயிற்சி. கல்விக் கட்டணமும் விடுதிச் செலவும் இவர் தலையில். பயிற்சியாளரே அழைத்து இடம் உறுதி செய்தால் ‘பிரிஃபர்டு வாக்-ஆன்’. அப்போதும் உதவித்தொகை கிடையாது. பெரிய அணியில் இப்படிச் சேர்வதா, சிறிய கல்லூரி தரும் உதவித்தொகையை ஏற்பதா? பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய பாரம். அமெரிக்கக் கால்பந்து வீரர் பேக்கர் மேஃபீல்டு இரண்டு பல்கலைக்கழகங்களில் வாக்-ஆனாக நுழைந்து, 2017இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையே வென்றார். ஆனால் 2025இல், வீரர்களுடன் வருவாயைப் பங்கிட ஒப்புக்கொண்ட கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து அணிகளுக்கு 105 பேர் என்று வரம்பு வந்தது. முதலில் இடமிழந்தவர்களில் பலர் வாக்-ஆன்களே.