அடுப்படி ஏன் ஆல்பத்தில் இல்லை?

பெரியகுளத்தில் தென்கரை, வடகரை இரண்டு பக்கமும் தெரிந்த வீடுகளில் பழைய போட்டோக்களைக் கேட்டு வாங்கிப் பார்த்து வருகிறேன். 1980க்கு முந்தைய படங்களில் ஆட்கள் திண்ணையில் இருப்பார்கள், முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், இல்லையென்றால் ஸ்டுடியோவின் வரைந்த திரைக்கு முன்னால் நிற்பார்கள். பட்டாசாலையில் எடுத்த படம் அபூர்வம். அடுப்படியில் எடுத்தது ஒன்றுகூட இதுவரை கையில் சிக்கவில்லை. வீட்டுப் பெண்களின் பாதி ஆயுள் கழிந்த இடம் அது.

வெட்கம், ஆசாரம், கரி படிந்த சுவர்னு காரணம் சொல்வாங்க. அதுவும் உண்டுதான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் வெளிச்சம் என்று ஒன்று இருக்கிறது. நம்ம ஊர் வெயிலுக்குப் பயந்து கட்டிய வீடு வெயிலை உள்ளே விடாது. தாழ்ந்த ஓட்டுக்கூரை, சின்ன ஜன்னல். உச்சிப்பொழுதில் தெருவில் இருக்கும் வெளிச்சத்தில் சில நூற்றில் ஒரு பங்குதான் உள்ளறைக்கு வந்து சேரும். கண் அதற்குப் பழகிவிடும், பிலிமுக்குப் பழகத் தெரியாது. வெளியே 1/125 நொடியில் முடிகிற படத்துக்கு, அதே லென்ஸ் திறப்பில் உள்ளே இரண்டு நொடியாவது வேண்டும். ஊதுகுழலை வைத்துக்கொண்டு அடுப்போடு மல்லுக்கட்டும் அம்மா இரண்டு நொடி அசையாமல் இருப்பாங்களா? அக்ஃபா கிளிக் மாதிரி எளிய கேமராக்களில் ஷட்டர் வேகத்தை இஷ்டத்துக்கு மாற்றவும் வழியில்லை.

அசையாத பொருளாக இருந்தால் விஷயம் வேறு. 1858லேயே லின்னேயஸ் டிரைப் மதுரை புதுமண்டபத்துத் தூண் வரிசையைப் படமெடுத்துவிட்டார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் அவர். தூண்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும். அவர் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். அதில் வானம் சரியாக விழாது. அதனால் நெகட்டிவின் மேலேயே வண்ணம் பூசி, தூரிகையால் மேகம் வரைந்தார். போட்டோஷாப்பைத் திட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். நம்ம பக்கத்துப் படங்களில் எடிட்டிங்குக்கு 160 வயது தாண்டிவிட்டது.

மனுஷங்களை எடுக்க ஸ்டுடியோ வந்தது. மின்விளக்கு வராத காலத்தில் கூரையிலோ பக்கச் சுவரிலோ கண்ணாடி பதித்து, வடக்கு வெளிச்சத்தை உள்ளே விட்டு, வெள்ளைத் துணியால் அதை மட்டுப்படுத்தினார்கள். எடுத்தபின் இன்னொரு வேலை இருந்தது. சாய்வான மேசையில் நெகட்டிவை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விழச் செய்து, கூரான பென்சிலால் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தீட்டுவார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். கண்ணுக்கடியில் உள்ள கருப்பு, கன்னத்துக் குழி, அம்மைத் தழும்பு எல்லாம் போய்விடும். ஊரில் இதற்கு டச்சப் என்று பெயர்.

இதை வெறும் சிவப்புத்தோல் ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆரம்பகாலப் பிளேட்டுகளுக்கு நீலம்தான் நன்றாகத் தெரியும், சிவப்பு கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. நம் மாநிறத்தில் சிவப்பும் மஞ்சளும்தான் அதிகம். ஆகவே நேரில் இருந்ததைவிடக் கருப்பாகத்தான் ஆள் படத்தில் விழுந்தார். எல்லா நிறமும் உணரும் பிளேட் 1906இல் விற்பனைக்கு வந்தது, பரவலாகப் புழங்க இன்னும் பல வருஷம் ஆனது. பென்சில் ஓரளவுக்கு அந்தப் பிழையைத் திருத்தியது. பிழை தீர்ந்த பிறகும் பென்சில் நிற்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அங்கே ஆசையும் சேர்ந்துகொண்டது என்று நினைக்கிறேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்பிய படத்தில் பென்சில் எவ்வளவு வேலை பார்த்திருக்கும்!

அப்புறம் பிளாஷ். வீட்டுக்குள் கேமரா தாராளமாக நுழைந்தது அதோடுதான். நுழைந்த வேகத்தில் வீட்டின் நிழலையும் அழித்துவிட்டது. கல்யாண ஆல்பங்களில் நெற்றி பளபளக்கும், தலைக்குப் பின்னால் சுவரில் கருப்பாக ஒரு நிழல் ஒட்டியிருக்கும். ஓட்டுக்கு நடுவில் பதித்த கண்ணாடி வழியாக இறங்கும் வெளிச்சக் கற்றையும் அதில் மிதக்கும் புகையும் எந்த ஆல்பத்திலும் இல்லை. அந்த வெளிச்சத்தை மதித்தவர்களைச் சினிமாவில் தேட வேண்டும். 1988இல் வந்த ‘வீடு’ படத்தில் பாலு மகேந்திரா ஜன்னல் வெளிச்சத்தை அப்படியே விட்டு வைத்தார், இருட்டான மூலையை இருட்டாகவே காட்டினார்.

இன்றைய செல்போன் ஒரே நொடியில் பல படம் எடுத்துக் கலந்து, இருட்டான மூலையைத் தானாகவே தூக்கிக் காட்டுகிறது. அடுப்படி இப்போது தாராளமாகப் படத்தில் வருகிறது. ஆனால் விறகடுப்பும் கரிச்சுவரும் போய், டைல்ஸும் டியூப்லைட்டும் வந்த பிறகு.

பழைய படங்களை ஸ்கேன் செய்கிறவர்கள் ‘அழகாக்கும்’ செயலியில் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை அப்படியே ஸ்கேன் செய்து வையுங்க. செயலி முகத்தை வழவழப்பாக்கும்போது டச்சப் செய்தவரின் கைவேலையும் சேர்ந்து போய்விடும். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி மின்னாக்கம் செய்த ஒரு திட்டம் நடந்தது. நம்ம தெருவில் மூடப்பட்ட ஸ்டுடியோவின் பரணுக்கு அவர்கள் வந்து சேருவார்கள் என்று காத்திருக்க முடியாது. நெகட்டிவ் கிடைத்தால் பளபளப்பில்லாத பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்க. முகம் இருக்கிற இடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக மினுங்கும்.