அருவங்காட்டு ஆலையில் தொழில் கைமாறிய வரலாறு

குன்னூரிலிருந்து உதகைக்குப் போகும் வழியில், ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் அருவங்காடு இருக்கிறது. அங்குள்ள கார்டைட் தொழிற்சாலை 1904இல் உற்பத்தியைத் தொடங்கியபோது மலை ரயில் குன்னூர் வரைதான் வந்திருந்தது. உதகையை எட்டியது 1908இல். ஆலைக்கான மின்சாரம் காட்டேரி அருவியிலிருந்து கிடைத்தது. எந்திரங்களைக் கடல் கடந்து கொண்டுவர முடிந்தது. அவற்றின் முன் நிற்கும் தொழிலாளியை மட்டும் அங்கேயேதான் உருவாக்க வேண்டியிருந்தது. அவர் உருவான முறையையும், பின்வந்த சட்டங்கள் அந்த முறையை எங்கே கொண்டு சேர்த்தன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கார்டைட் என்னும் புகையற்ற வெடிமருந்தை 1889இல் ஃப்ரெடெரிக் ஏபல், ஜேம்ஸ் டீவார் என்னும் இரு விஞ்ஞானிகள் இங்கிலாந்தில் கண்டுபிடித்தனர். முதல் வகையில் 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின், 37 விழுக்காடு வெடிபஞ்சு, 5 விழுக்காடு வாசலின். அசிட்டோன் ஊற்றிப் பிசைந்து, அச்சுத் துளை வழியே கயிறாகப் பிழிந்து உலர்த்துவார்கள். எழுத்தில் இவ்வளவுதான். செய்முறையில் ஒவ்வொரு கட்டமும் ஆளின் கவனத்தையே நம்பியிருந்தது.

நைட்ரோகிளிசரின் செய்ய, கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்த தொட்டியில் கிளிசரினைச் சிறிது சிறிதாக விடும்போது வெப்பம் ஏறும். ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். செம்புகை தெரிந்தால் கிளிசரினை நிறுத்த வேண்டும். அடங்காவிட்டால் தொட்டி முழுவதையும் கீழே காத்திருக்கும் தண்ணீரில் திறந்துவிட வேண்டும். யோசிக்க நேரம் இருக்காது. ஸ்காட்லாந்தில் ஆல்ஃபிரட் நோபல் நிறுவிய ஆர்டீர் ஆலையில், வெப்பமானியைப் பார்ப்பவர் கண்ணயர்ந்துவிடக் கூடாது என்று அவரை ஒற்றைக்கால் இருக்கையில் உட்கார வைத்தார்கள். சமவெளியின் கோடையைவிட நீலகிரியின் குளிர் இந்த வேலைக்கு உதவியது உண்மை. ஆனால் எந்தக் குளிரும் கவனத்துக்கு ஈடாகாது.

ஆகவே இத்தொழிலில் மூத்தவர் அருகே நின்று பழகும் இளையவரின் இடம் பாதுகாப்பு ஏற்பாட்டின் ஒரு பகுதி. பிசைந்த கலவையின் பதம், அமிலப் புகையின் நிற மாற்றம், குழாயில் ஓடும் காற்றின் ஓசை ஆகியவற்றைக் கையேடு பெயர் சொல்லிக் குறிக்கலாம். அடையாளம் காட்டுவது அருகில் நிற்கும் மூத்தவர்தான். ஆணி அடித்த செருப்பு, தீப்பெட்டி போன்றவற்றை வாசலிலேயே விட்டுவிட்டு நுழையும் பழக்கமும் பார்த்துப் பார்த்துப் படிவதே. எதையும் இயக்காமல் வெறுமே பார்த்து நிற்கும் மாதங்களை வீண்செலவாகக் கணக்கெழுதுவது பெரும் பிழை என்பேன்.

சட்டம் இந்த உறவை வேறு கண்ணோடு பார்த்தது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் 10 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை, அதிலும் ஆதரவற்ற பிள்ளைகளை, அதிகபட்சம் ஏழாண்டு ஒப்பந்தத்தில் ஒருவரிடம் தொழில் பழக விட்டது. சுதந்திர இந்தியாவில் ஐ.டி.ஐ.க்கள் பெருகிய பின் 1961இல் தொழில்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் வந்தது. பயிற்சிக் காலம், உதவித்தொகை, தேர்வு, சான்றிதழ் எல்லாம் ஒழுங்காயின. பெரிய முன்னேற்றம். வேதி ஆலைகளில் 'ஏ.ஓ.சி.பி.' என்று சொல்லப்படும் வேதி எந்திர இயக்குநர் பிரிவும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தது. ஆனால் அப்ரண்டிஸ் தொழிலாளி அல்லர் என்று 18ஆம் பிரிவும், பயிற்சி முடித்தவருக்கு வேலை தரும் கடமை முதலாளிக்கு இல்லை என்று 22ஆம் பிரிவும் சொல்லின. கற்பதும் வேலையில் நிலைப்பதும் அங்கே பிரிந்தன. மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கே முன்னுரிமை என்று 1995இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2014 திருத்தம் அபாயத் தொழில்களில் குறைந்தபட்ச வயதை 18 ஆக்கியது. பழகுநரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தன் கொள்கையை வகுக்க வேண்டும் என்றும் 22ஆம் பிரிவில் விதித்தது.

2021 அக்டோபர் 1 அன்று ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தின் 41 ஆலைகள் ஏழு நிறுவனங்களுக்குப் பிரிந்தபோது அருவங்காடு ம்யூனிஷன்ஸ் இந்தியாவிடம் சேர்ந்தது. அந்நிறுவனத்தின் ஆலைகள் வெடிமருந்துப் பயிற்சி பெற்ற முன்னாள் அப்ரண்டிஸ்களையே தேடி விளம்பரம் செய்கின்றன. வேலையோ காலவரையறை ஒப்பந்தம். பயிற்சியின் மதிப்பை அறிந்திருந்தும், அதைப் பெற்றவரை நிலைநிறுத்தத் தயங்குகிறார்கள். ஒப்பந்தம் முடிந்து அவர் வெளியேறும் நாளில், கற்றதை அடுத்தவருக்குக் கற்பிக்க வேண்டிய ஆளும் வெளியேறுகிறார்.

மூத்த தொழிலாளி ஓய்வுபெறும் தேதி ஆலைக்கு முன்கூட்டியே தெரியும். அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே, பயிற்சி முடித்த இளையவர் ஒருவரை நிரந்தரப் பணியில் அவர் அருகே நிறுத்துவதை ம்யூனிஷன்ஸ் இந்தியா தன் கொள்கையில் எழுத வேண்டும். திருத்தப்பட்ட 22ஆம் பிரிவே அதற்கு இடம் தருகிறது.