மூணு ஹைட்ராலிக்கும் போன பிறகு: கேப்டன் ஆல் ஹேன்ஸ்

போன வருஷம் எங்க சர்வர் ஒண்ணு படுத்தது. பேக்கப் இருக்கேன்னு தைரியமா இருந்தோம். அதுவும் படுத்தது. ரெண்டுக்கும் மின்சாரம் ஒரே லைன்ல இருந்து வந்திருக்கு! அன்னிக்கு ராத்திரி நான் படிக்க எடுத்தது ஆல் ஹேன்ஸ் கதை.

ஹேன்ஸ் 1931-ல் டெக்சாஸ் மாநிலத்தில் பாரிஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1952-ல் அமெரிக்கக் கடற்படையின் விமானப் பயிற்சியில் சேர்ந்து மரைன் படை விமானி ஆனார். 1956-ல் படையை விட்டு யுனைடெட் ஏர்லைன்ஸுக்கு வந்தார். அங்கே எடுத்ததும் கேப்டன் நாற்காலி இல்லை, ஃப்ளைட் இன்ஜினியராகத்தான் தொடக்கம். பின்னால் உட்கார்ந்து கேப்டனைப் பார்த்தே பல வருஷம் போனது.

1989 ஜூலை 19. டென்வரில் இருந்து சிகாகோ. டிசி-10 விமானம், உள்ளே 296 பேர். 37,000 அடி உயரத்தில் வால் பகுதி இன்ஜினின் விசிறித் தட்டு வெடித்துச் சிதறியது. டைட்டானியத்தை உருக்கி வார்த்தபோதே உள்ளே தங்கிவிட்ட ஒரு குறை, பதினேழு வருஷமாக விரிசலாக வளர்ந்திருந்தது. பராமரிப்புச் சோதனையிலும் அது கண்ணில் படவில்லை.

விமானத்தில் தனித்தனியாக மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள். மூன்றும் ஒரே சமயத்தில் போக வாய்ப்பே இல்லை என்றுதான் வடிவமைத்தவர்கள் நினைத்தார்கள். ஆனால் மூன்றின் குழாய்களும் வாலில் பக்கம் பக்கமாகத்தான் ஓடின. சிதறிய துண்டுகள் மூன்றையும் அறுத்துவிட்டன. திருப்ப முடியாது, மூக்கைத் தூக்க முடியாது, பிரேக்கும் கிடையாது. எங்க மின்சார லைன் ஞாபகம் வருதா?

மிச்சம் இருந்தது இறக்கைகளில் உள்ள ரெண்டு இன்ஜின் மட்டும். ஒன்றைக் கூட்டி, இன்னொன்றைக் குறைத்துத் திருப்பினார்கள். பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டென்னிஸ் ஃபிட்ச், உதவட்டுமா என்று சொல்லி அனுப்பினார். ஹேன்ஸ் உடனே உள்ளே கூப்பிட்டார். ஃபிட்ச் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே மண்டி போட்டு த்ராட்டில்களைப் பிடித்துக்கொண்டார். துணை விமானி ரெக்கார்ட்ஸ், இன்ஜினியர் ட்வோராக் ஆளுக்கொரு வேலை. ஹேன்ஸ் எல்லாரையும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இந்தப் பழக்கம் தானாக வந்ததல்ல. 1978-ல் போர்ட்லாண்டில் இதே கம்பெனி விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைகிறது என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார், ஆனால் கேப்டன் சக்கரப் பிரச்சினையிலேயே மூழ்கியிருந்தார். அதற்குப் பிறகுதான் ‘கேப்டன் சொன்னதே வேதம்’ என்ற வழக்கத்தை உடைக்கப் பயிற்சி தொடங்கினார்கள். அந்தப் பயிற்சி இல்லாமல் ஜெயித்திருக்க முடியாது என்பதே ஹேன்ஸின் கருத்து.

44 நிமிஷம் கழித்து சூ சிட்டி ஓடுபாதையைத் தொட்டார்கள். வலது இறக்கை தரையில் மோதி விமானம் உடைந்து தீப்பிடித்தது. 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். பிறகு சிமுலேட்டரில் முயன்ற விமானிகளால் பத்திரமாக இறக்க முடியவில்லை.

ஹேன்ஸ் சில மாதங்களில் மறுபடியும் பறந்தார், 1991-ல் ஓய்வு பெற்றார். அப்புறம் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 184-ஐச் சொல்லி எல்லாரும் கைதட்டினார்கள், அவருக்கோ அந்த 112 மனசை விட்டுப் போகவேயில்லை. 2019 ஆகஸ்டில் காலமானார்.

டிசி-10-ல் பிறகு ஒரு வால்வு சேர்த்தார்கள், வாலில் குழாய் அறுந்தாலும் எண்ணெய் முழுக்க வடியாமல் தடுக்க. நாங்களும் ரெண்டாவது மின்சார லைன் போட்டுட்டோம். அது சுலபம். ஆனா உண்மையைச் சொல்றேன்: ஒரே லைன்ல இருக்கேன்னு எங்க டீம்ல புதுசா சேர்ந்த பொண்ணு ஆறு மாசம் முன்னாடியே கேட்டுச்சு. “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா”ன்னு சொன்னது நான்தான்.