கோவளம் வரை வந்த ஊர்ப்பெயர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுப் பாலம் தாண்டினால், மாமல்லபுரம் வரை விடுதிப் பலகைகளில் ‘ரிசார்ட் அண்ட் ஸ்பா’ என்ற எழுத்து வந்துகொண்டே இருக்கும். உள்ளே போய் ஸ்பா எங்கே என்று கேட்டால் ஓர் அறையைக் கைகாட்டுவார்கள். உண்மையில் ஸ்பா இருப்பது பெல்ஜியத்தில். ஆர்டென் காட்டுமலைகளுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது.

அந்த ஊரின் ஊற்றுகளை உள்ளூர் வாலோன் பேச்சில் ‘பூவோன்’ என்பார்கள். இரும்பும் குமிழியும் கலந்த நீர். துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போன்ற ருசி. ஆரம்பத்தில் வந்தவர்கள் குளிப்பதைவிடக் குடிப்பதற்குத்தான் வந்தார்கள். 1717-இல் ருஷ்யப் பேரரசர் பீட்டர் வந்து குடித்தார். உடம்பு தேறிவிட்டது என்று அவருடைய மருத்துவர் சான்றிதழே கொடுத்துவிட்டுப் போனார். பெரிய ஊற்றுக்கு இன்றும் பீட்டர் பெயர்தான். பின்னாலேயே பிரபுக்களும் சீமாட்டிகளும் வந்து குவிந்தார்கள். வந்தவர்களுக்குப் பொழுது போகவேண்டுமே! 1763-இல் ‘லா ரெடூட்’ என்ற சூதாட்ட மாளிகை எழுந்தது. அனுமதி தந்தவர் அப்போது அந்தப் பகுதியை ஆண்ட லியேஜ் ஆயர். வரும்படியில் அவருக்கும் பங்கு உண்டு. காலையில் கோப்பையில் தண்ணீர், மாலையில் கையில் சீட்டு.

ஊர்ப்பெயர் பொதுச்சொல்லானது இங்கிலாந்தில். 1596-இல் டிமதி பிரைட் என்ற மருத்துவர் ஹாரோகேட் ஊற்றை ‘இங்கிலீஷ் ஸ்பா’ என்று அழைத்தார். பிறகு மருந்துநீர் உள்ள ஊரெல்லாம் ஸ்பா ஆயிற்று. நம் குற்றாலமும் ‘தென்னகத்தின் ஸ்பா’ என்ற பட்டத்தைச் சுமக்கிறது. ‘நீரால் நலம்’ என்று பொருள்படும் லத்தீன் தொடரின் முதலெழுத்துகளே ஸ்பா என்று விடுதிக் கையேடுகள் சொல்வதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விளக்கம் பிள்ளை பிறந்து பல காலம் கழித்து எழுதிய ஜாதகம்.

இந்தக் கரையில் நீருக்குச் சொல் பஞ்சம் இருந்ததில்லை. ‘குளி’ என்றால் பழந்தமிழில் மூழ்குவது. முத்துக்குளிப்பில் அந்தப் பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘ஆடு’ என்றாலும் குளிப்பதுதான்: நீராடு, கடலாடு. சிலப்பதிகாரத்தில் ‘கடலாடு காதை’ என்று ஒரு பகுதியே உண்டு. வடமொழித் ‘தீர்த்தம்’ ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறையைக் குறித்த சொல். தமிழுக்கு வந்ததும் அது நீராகவே ஆகிவிட்டது. உத்தரணியில் வாங்கும் மூன்று சொட்டும் தீர்த்தம்தான், இறங்கி முங்கும் குளமும் தீர்த்தம்தான்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் திருக்கழுக்குன்றத்துச் சங்கு தீர்த்தம் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதில் சங்கு பிறக்கும் என்பது ஐதீகம்; 2024 மார்ச்சிலும் சங்கு கிடைத்து ஊர் திரண்டது. மனக்கலக்கம் உள்ளவர்களை அழைத்துவந்து, ஒரு மண்டலம் தங்கி, தினமும் முங்கவைத்து, மலையைச் சுற்றிவரச் செய்வது இங்கே பழைய வழக்கம். சிலநாள் தங்குதல், தினமும் நீர், அளவான நடை: பெல்ஜியத்து மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த பத்தியமும் கிட்டத்தட்ட இதுவே. அதே மலையின் ஒருகல் மண்டபத்தில், சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய தங்கள் பெயர்களைப் பார்க்கலாம். உலாப் போன இடத்தில் பெயர் கிறுக்கும் புத்தி நேற்று வந்ததல்ல.

இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளத்துக் கதைதான் விசேஷம். ‘கோவளம்’ என்றால் கடலுக்குள் நீளும் தரைமுனை. ஸ்பா ஊருக்கு அண்டைச் சீமையான ஆஸ்டெண்ட் துறைமுகத்து வணிகர்கள், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே பண்டகசாலை போட்டார்கள். 1722-இல் சாசனம் பெற்ற அவர்களுடைய கம்பெனி 1731-இல் கலைந்தது. ஆக, பெல்ஜியத்துச் சரக்கு இந்தக் கரைக்கு முந்தி வந்துவிட்டது. சொல் பிந்தித்தான் வந்தது. அவர்கள் விட்டுப்போன இடிபாட்டுக்குப் பக்கத்தில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் ஒரு கோட்டை கட்டினார். 1750-இல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து நங்கூரமிட்டது. மாலுமிகள் ஸ்கர்வி நோயில் சாகிறார்கள், கரையில் தங்கவிட்டால் பிழைப்பார்கள் என்று கெஞ்சினார்கள். கோட்டைத் தலைவர் இரங்கிக் கதவைத் திறந்தார். மெலிந்து தள்ளாடி உள்ளே வந்தவர்கள் ஆடைக்குள் ஆயுதம் வைத்திருந்தார்கள். இரவோடு இரவாகக் கோட்டை கைமாறியது. ஆரோக்கியம் தேடிக் கோவளம் வந்தவர்கள் என்று நான் ஏட்டில் கண்ட முதல் கூட்டம் இதுதான்!

1752-இல் கிளைவ் அந்தக் கோட்டையைப் பிடித்தார். பிறகு அது தகர்க்கப்பட்டது. 1974-இல் அதே கோவளக் கரையில் தாஜ் குழுமத்தின் ஃபிஷர்மேன்ஸ் கோவ் விடுதி வந்தது. அந்தக் ‘கோவ்’ சிறுகுடாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். கோவளத்தோடு ஒலி ஒத்துப்போவதைத் தவிர உறவு ஒன்றும் கிடையாது.

இதற்குள் ஸ்பா என்ற சொல்லிலிருந்து தண்ணீர் ஏறக்குறைய வற்றிவிட்டது. சாலையோர ஸ்பாக்களில் எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுகிறார்கள். பியூட்டி பார்லரில் தலைமுடிக்கே ‘ஹேர் ஸ்பா’ உண்டு. செய்தித்தாளில் ‘ஸ்பாவில் போலீஸ் சோதனை’ என்று வந்தால் யாரும் ஊற்றை நினைப்பதில்லை.

ஆனால் இதே கரைக்குத் தண்ணீருக்காகவே வருபவர்களும் உண்டு. மாசி மகப் பௌர்ணமிக்கு இருளர்கள் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரைக்கு வருவார்கள். மணலில் சேலையைக் கட்டிக் கூடாரம் போடுவார்கள். விடிவதற்கு முன்பே கடலில் முழுகி எழுந்து, ஈரத்தோடு கன்னியம்மனுக்கு மணலில் ஏழு படி கட்டிப் பூசை வைப்பார்கள்.