ஓசூர் சாலையில் ஒரு வாசல்

பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை அமைந்திருக்கும் சாலையின் பெயரே ஓசூர் சாலைதான். ஓசூரில் பேருந்து ஏறினால் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி 40 கிலோமீட்டருக்குள் அந்த வாசல் வந்துவிடும். சென்னையோ 300 கிலோமீட்டர். மனம் பிறழ்ந்த பிள்ளைத்தாய்ச்சியை அழைத்துக்கொண்டு எங்கே போவது என்ற கேள்விக்குக் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் விடை மாநில எல்லைக்கு அப்பால் இருப்பதன் காரணம் இதுவே.

பேறுகாலத்து மனநோய் புதிதல்ல. 1858-இல் பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்டர் மார்சே கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள், பாலூட்டுபவர்கள் ஆகியோரின் சித்தப் பிறழ்வு பற்றித் தனி நூலே எழுதினார். நம் பாட்டிமார் அதைப் ‘பிரசவ ஜன்னி’ என்றோ காற்றுக் கருப்பு என்றோ சொல்லி, வேப்பிலையோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பெயர்களில் அறியாமை உண்டு. ஆனால் பெண்ணின் மீது பழி இல்லை. ‘மனநோயாளி’ என்று சீட்டில் எழுதப்பட்டதும் புகுந்த வீடு வேறு கணக்குப் போடத் தொடங்குகிறது. நோய்க்குப் பெயர் கிடைப்பது எல்லாருக்கும் ஆறுதல் தருவதில்லை.

2002-இல் வெளிவந்த வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களின் ஆய்வை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். வேலூருக்கு அருகே கணியம்பாடி வட்டாரத்தில், பிள்ளை பெற்ற 301 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 11 விழுக்காட்டினருக்குப் பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வு தோன்றியிருந்தது. காரணிகளாகத் தெரிந்தவை வறுமை, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைவேலைக்கு ஆள் இல்லாமை, பிறகு ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது.

இந்தக் கடைசிக் காரணி நம்மைத் தருமபுரிக்குக் கொண்டுவருகிறது. கிருஷ்ணகிரி 2004 வரை அதன் பகுதி. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் இங்கும் வந்தது. தொட்டில் குழந்தையைக் காத்தது, சரி. பெற்றவளின் மனம் அந்தக் கணக்கில் வரவில்லை என்பது என் குறை. பேற்றினால் குலைந்த மனத்தோடு சிசுவைக் கொன்ற தாயைக் கொலைக்குற்றவாளியிலிருந்து பிரித்துப் பார்க்க 1922-லேயே இங்கிலாந்து சட்டம் இயற்றியது. ஆங்கிலேயன் எழுதித் தந்த நம் தண்டனைச் சட்டத்தில் அப்படித் தனிப் பிரிவு வரவேயில்லை.

சிகிச்சையிலும் நெடுங்காலம் முதல் வேலை, தாயையும் சேயையும் பிரிப்பதாகவே இருந்தது. 1948-இல் இங்கிலாந்தின் காசல் மருத்துவமனையில் தாமஸ் மெயின் தாயோடு குழந்தையையும் சேர்த்துக்கொண்டார். வேலூர் பாகாயத்தில் 1957-இல் தொடங்கிய மனநல மையம் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறையை வளர்த்தது. ஓசூர் சாலை நிம்ஹான்ஸில் தாய்-சேய் உள்நோயாளிப் பிரிவு 2009-இல் திறக்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முதலாவது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கலாகாது என்கிறது. தாயால் குழந்தைக்கு ஆபத்து நேரலாம் என்றால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் 15 நாளுக்கு ஒருமுறை அந்த முடிவை மறுபரிசீலனை செய்தாக வேண்டும்.