கூடல் என்று ஒரு படம்



போன வாரம் சிதம்பரம் தெற்கு வீதியில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். "டீச்சர், என் கணக்கு நோட்டைக் கிழிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று சிரித்தபடி கேட்டார். இருந்தது. அஞ்சாம் வகுப்பு. நோட்டின் மூலையில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு மாட்டை வரைந்திருந்தான். வேகமாகப் புரட்டினால் மாடு ஓடும். நான் புரட்டிப் பார்க்கவே இல்லை, கிழித்துவிட்டேன்.

அதிலிருந்து நம் ஓவியர்கள் எடுத்த சினிமாக்களைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் காலத்தில் தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் ஓடும். அந்த நேரத்தில்தான் அப்பா முறுக்கு வாங்கப் போவார். அதைத் தயாரித்தது 1948-ல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன், மத்திய அரசு நிறுவனம். வெள்ளம், அணைக்கட்டு, மந்திரி திறப்பு விழா என்றே பழகிய அந்த நிறுவனம், 1967-ல் ஓவியர் எம்.எஃப். உசேனிடம் ஒரு படம் எடுக்கச் சொன்னது. உசேன் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர். ராஜஸ்தானுக்குப் போய் ஒரு குடை, ஒரு லாந்தர், ஒரு செருப்பு, ஊர் மனிதர்கள் என்று எடுத்து வந்தார். கதையும் இல்லை, வசனமும் இல்லை. 'ஓர் ஓவியனின் கண்கள் வழியே' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. அதே ஆண்டு பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி விருது பெற்றது.

எனக்கு அதைவிட நெருக்கமானது தையப் மேத்தா 1970-ல் அதே நிறுவனத்துக்காக எடுத்த படம். குஜராத்தில் பிறந்தவர், பம்பாய்க்காரர். படத்துக்கு வைத்த பெயர் 'கூடல்'! கூடல் என்றால் நமக்கு மதுரை, நான்மாடக்கூடல். அவர் சேர்க்கை என்ற பொருளில் எடுத்துக்கொண்டார். படத்தில் ஜனக்கூட்டமும் வருகிறது, பாந்த்ரா இறைச்சிக்கூடத்து மாடுகளும் வருகின்றன. 1947 கலவரத்தில் தெருவில் ஓர் இளைஞரை அடித்துக் கொன்றதை வீட்டிலிருந்து பார்த்தவர் அவர். கால் கட்டப்பட்ட காளையை வாழ்நாள் முழுதும் வரைந்தார். முன்பு ஃபிலிம் எடிட்டிங் வேலை பார்த்தவர் என்பதால் காட்சிகளை வெட்டி ஒட்டும் விதமே தனி. பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாமவர் அக்பர் பதம்சீ. 1969-ல் நேரு ஃபெலோஷிப் கிடைத்தது. அந்தப் பணத்தில் வீடோ நிலமோ வாங்கவில்லை. ஓவியர்களும் கேமராக்காரர்களும் சேர்ந்து வேலை செய்ய பம்பாயில் ஒரு பட்டறை வைத்தார். இன்று உலகம் அறிந்த நளினி மலானி இளம்பெண்ணாக அங்கேதான் தன் முதல் சினிமாச் சோதனைகளைச் செய்தார். பதம்சீ வெறும் கோடுகளும் புள்ளிகளுமாக ஏறக்குறைய ஆயிரம் படங்கள் வரைந்தார். கார்ட்டூன் நிபுணர் ராம் மோகன் அவற்றை ஓடவைக்க, 'சிசிஜி' என்ற மௌனப் படம் பிறந்தது. ஆக, அதுவும் மூலையில் வரைந்த மாடுதான்.

அவருடைய இன்னொரு படத்தின் பிரதி தொலைந்தே போயிற்று. 2016-ல், தமது 88-ம் வயதில், இயக்குநர் ஆஷிம் அலுவாலியாவோடு உட்கார்ந்து, நினைவிலிருந்து அதை மறுபடி உருவாக்கினார்.

தம்பி, இதைப் படிப்பாய் என்று தெரியும். 80 பக்க நோட்டு ஒன்று, கோடு போடாதது, வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணாமலை நகர் வீட்டுக்கு வா. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா.