இடி எழுப்பும் எட்டு ஹேர்ட்ஸ்: மடுல்சீமையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

சித்திரை மாதப் பகல் இரண்டு மணிக்கு ஊவாவின் மடுல்சீமையில் வானொலியை மத்திய அலையில் வைத்துப் பாருங்கள். இடிச் சத்தம் காதில் விழுமுன்பே பெட்டி கரகரக்கத் தொடங்கிவிடும். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும் பெண்கள் கறுத்த வானத்தை அண்ணாந்து பார்த்துக் கூடையை இறக்குவதற்குள் நாலைந்து தரம் இரைந்திருக்கும். ஒவ்வொரு இரைச்சலும் எங்கோ ஒரு மின்னல். நாம் அதைச் சகித்துக்கொண்டு பாட்டைக் கேட்கிறோம். வானொலிப் பொறியியலாளர்கள் அதை வடிகட்டி எறியப் பார்த்தார்கள். அந்தக் கழிவின் அடிமட்டத்தில் செக்கனுக்கு எட்டுத் தடவை மட்டுமே அதிரும் அலை ஒன்று இருக்கிறது. மலையைத் தாண்டி, கடலைத் தாண்டி, உலகையே சுற்றி வரும் அலை அது. எழுவது பெரும்பாலும் நம்மைப்போன்ற வெப்பநாடுகளின் இடிமழையில். முதலில் அளக்கப்பட்டதோ குளிர்நாடுகளில். எண்ணம் பிறந்த பின் அதற்கும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. இந்தத் தாமதத்துக்கு அறிவுக் குறைவைவிடத் தேவைக் குறைவே காரணம் என்பது என் கருத்து.

எண்ணம் பழையது. பூமி ஒரு மின்கடத்தி. அதற்கு மேலே வளிமண்டல உயரத்தில் இன்னொரு கடத்தும் படை இருந்தால் இடைவெளியில் மின்னலைவு நிகழும் என்று டப்ளினைச் சேர்ந்த ஜோர்ஜ் பிட்ஸ்ஜெரால்ட் 1893இல் சொன்னார். ஓர் அலைவுக்குப் பத்தில் ஒரு செக்கன் அளவு ஆகும் என்பது அவர் கணக்கு. உண்மை விடைக்கு மிக அருகில் வந்துவிட்டார். ஆனால் அந்த மேற்படை இருக்கிறதா என்பதே அன்று யாருக்கும் தெரியாது. 1901இல் மார்க்கோனியின் சமிக்ஞை அட்லாண்டிக்கைக் கடந்தது. அலை பூமியின் வளைவைத் தொடர்ந்து போன விந்தையை விளக்க, மறு ஆண்டு கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே அதே படையை முன்மொழிந்தார்கள். 1924இல் அப்பிள்டன் அதைப் பரிசோதனையால் நிறுவினார். இன்று பாடநூல் அதை அயன மண்டலம் என்கிறது.

இத்தனைக்கும் பிறகு பிட்ஸ்ஜெரால்டின் கணக்கை எடுத்துப் பார்க்க ஆளில்லை. செய்தி அனுப்பிக் காசு பார்த்த தொழிலுக்கு எட்டு ஹேர்ட்ஸால் என்ன பயன்?

1952இல் மியூனிக்கின் வின்ஃப்ரைட் ஒட்டோ சூமான் கணக்கை மறுபடி போட்டார். ஒளியும் வானொலி அலையும் ஒரு செக்கனில் ஏறக்குறைய மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓடுகின்றன. பூமியின் சுற்றளவு நாற்பதாயிரம். வகுத்தால் 7.5. கோள வடிவுக்கு ஏற்பத் திருத்தினால் முதல் பரிவு மீடிறன், அதாவது சுற்றி வரும் அலை தன்னோடு தானே சேர்ந்து வலுக்கும் மீடிறன், 10.6 ஹேர்ட்ஸ். ஆனால் இயற்கையில் இருப்பது 7.83 அளவில். கூரையாக நிற்கும் அயன மண்டலம் செம்மையான கடத்தியல்ல. அலையின் ஆற்றலில் ஒரு பகுதியை உறிஞ்சி, வேகத்தையும் மந்தப்படுத்துகிறது. அடுத்த பரிவுகள் 14, 20, 26 என்று அண்ணளவாகப் போகின்றன.

அளப்பதுதான் பெரும்பாடு. இந்த அலையின் காந்தப்புலம் ஒரு பிக்கோடெஸ்லா அளவே. நம் தீவில் பூமியின் காந்தப்புலம் அதைப்போல் நாலு கோடி மடங்கு. ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய நீண்ட கம்பிச்சுருளை மண்ணில் புதைத்துவைத்தாலும், பக்கத்தில் ஒரு மரம் காற்றில் ஆடி வேர் அசைந்தால் சுருளும் மயிரிழை அசையும். அந்த அசைவே சமிக்ஞையை விழுங்கிவிடும். லயத்துக்கு வரும் 50 ஹேர்ட்ஸ் மின்கம்பியின் ரீங்காரம் வேறு. சூமானும் அவர் மாணவர் ஹெர்பர்ட் கேனிக்கும் 1954இல் அளவீடு செய்தார்கள். ஐயத்துக்கு இடமின்றிப் பரிவைப் பிரித்துக் காட்டியது 1960இல், அமெரிக்காவின் லிங்கன் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பால்சரும் வாக்னரும்.

அது பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடம் என்பதைக் கவனிக்க வேண்டும். பணம் போர்த் தேவையோடு வந்தது. 1962 ஜூலையில் பசிபிக் வானில் அமெரிக்கா வெடிக்கவைத்த அணுகுண்டு பரிவு மீடிறனையே சற்றுத் தாழ்த்தியதை அதே இருவரும் பதிவு செய்தார்கள். தாழ்ந்த மீடிறன் அலை கடல்நீருக்குள் ஆழமாக இறங்கும் என்பதால் நீர்மூழ்கிகளுக்கான அலைபரப்பியும் வந்தது. விஸ்கொன்சின், மிச்சிகன் காடுகளில் பல மைல் கம்பி இழுத்து 76 ஹேர்ட்ஸில் 1989 முதல் 2004 வரை இயக்கினார்கள். மூன்றெழுத்துக் குறியீடு ஒன்றை அனுப்பக் கால் மணி நேரம். நம் தோட்டத்துத் தபால்காரர் அதைவிட விரைவாகப் பேசுவார்! மடுல்சீமையிலிருந்து நானூறு கிலோமீட்டர் அளவு தூரத்தில், திருநெல்வேலி விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் நீர்மூழ்கி அலைபரப்பி நிலையமான ஐஎன்எஸ் கட்டபொம்மன் 1990 முதல் இயங்குகிறது. அதன் அலை 18.2 கிலோஹேர்ட்ஸ், எட்டு ஹேர்ட்ஸுக்குத் தூரத்துச் சொந்தம்தான். ஆனாலும் ஓடுவது அதே நிலத்துக்கும் அயன மண்டலத்துக்கும் நடுவே.

இனி இடியின் பக்கம். 1920களில் இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சன், உலகின் இடிமழைகள் எல்லாம் சேர்ந்து பூமிக்கும் மேல் வளிக்கும் இடையே மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கின்றன என்று வாதிட்டார். அந்த வாதத்துக்குத் துணையாக, காந்தம் ஒட்டாத மர ஆய்வுக்கப்பலான கார்னகி, எந்தக் கடலில் நின்று அளந்தாலும் வளிமண்டல மின்புலம் ஒரே நேரத்தில் உச்சம் தொடுவதைக் கண்டது. இலங்கை நேரப்படி நள்ளிரவு தாண்டி அரை மணி அளவில். 1925இல் புரூக்ஸ் என்பவர் வானிலை நிலையங்களின் ‘இடி கேட்ட நாள்’ பதிவுகளைத் திரட்டி, உலகில் செக்கனுக்கு நூறு மின்னல் என்று மதிப்பிட்டார். பின்னாளில் செய்மதி எண்ணியது ஏறத்தாழ 44. புரூக்ஸ் இருமடங்குக்கு மேல் தவறினார். ஆனால் கையில் இருந்தது காதால் கேட்டு எழுதிய பதிவேடு மட்டுமே.

பரிவு, இடி என்ற இரண்டு கிளைகளும் 1992இல் கூடின. றோட் ஐலண்டில் சார்ள்ஸ் போல்க் எடுத்துவைத்த பரிவுப் பதிவுகளை வெப்பமண்டல வெப்பநிலையோடு ஒப்பிட்ட ஏர்ல் வில்லியம்ஸ், இரண்டும் கூடவே ஏறி இறங்குவதைக் காட்டினார். தரை சற்றுச் சூடானாலும் மின்னல் பெருகும். மின்னல் பெருகினால் பரிவின் வலு ஏறும். ஆசியா, ஆபிரிக்கா, தென்னமெரிக்கா என்ற மூன்று அடுப்புகளும் தத்தம் பிற்பகலில் எரிகின்றன. அந்த ஆசிய அடுப்பில் ஊவாவின் சித்திரை, ஐப்பசி இடிமழைகளும் சுள்ளிகள்.

இலங்கை மின்னலை உலக ஆய்வேட்டில் ஏற்றியவர்களில் முதன்மையானவர் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வெர்னன் குரே. இத்தீவின் மின்னல்கள் வீசும் மின்காந்தப் புலம் பற்றி லுண்ட்க்விஸ்டுடன் அவர் எழுதிய கட்டுரை 1985இல் வந்தது. வெப்பமண்டல மின்னலை வெப்பமண்டலத்திலேயே வந்து அளந்த முயற்சிகள் குறைவு என்பதால் அதற்குத் தனி மதிப்புண்டு.

7.83 என்ற எண்ணைப் போட்டு வளையலும் பெட்டியும் விற்பவர்கள், நோய் தீரும் என்கிறார்கள். அந்த அலையின் வலுவை மேலே சொல்லிவிட்டேன். காசைக் கொடுக்குமுன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டங்களில் காலையில் மழைமானி பார்த்து மழைப் புத்தகத்தில் எழுதும் வழக்கம் உண்டு. எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். புரூக்ஸ் திரட்டிய பதிவுகளைப்போல, இடி கேட்ட நாளுக்கென ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, ஒரு புள்ளி வையுங்கள். பழைய புத்தகங்களைக் கடதாசி விலைக்குப் போட்டுவிடாதீர்கள்.